தொண்ணூற்றாறு வாக்குக்காரர்

கோமதிநாயகம் தொண்ணூற்றாறு வாக்குகளுக்குச் சொந்தக்காரர் ஆனதில் அவருடைய முயற்சி என்று எதுவும் கிடையாது. காலையில் எழுந்தார், பல் விளக்கினார். சுவரில் இருந்த ஒரு பெட்டி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது. வளர்ந்த ஊர் வழக்கப்படி பதில் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதை எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்கலாம். பிற்பாடு நிரூபிக்க வேண்டியும் வந்தது.

பிளம் ஹாலோ என்பது அமெரிக்காவின் நடுவயிற்றில் இருக்கும் மாவட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சோளம். சோளத்துக்கு நடுவே ஒரு பால்பவுடர் ஆலை. அந்த ஆலையை நம்பி முப்பத்தெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. எல்லாமே சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம். முதலில் ஒருவர் வந்தார், அவர் மச்சினனைக் கூப்பிட்டார், மச்சினன் சகலையைக் கூப்பிட்டான், அப்படிச் சேர்ந்த கூட்டம். கோமதிநாயகம் அங்கே முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி உலகம்மாள். நல்ல வீடு, நல்ல தோட்டம், கட்டிக்கொடுத்த ஒரே மகள் சிகாகோவில் சௌக்கியம்.

பெட்டியைச் சுவரில் மாட்ட வந்தவர் மாவட்டத் தேர்தல் அலுவலர் லொரெய்ன். இந்த ஊர்க்காரர்கள் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் கோமதிநாயகத்தின் காதுக்குள் நுழையும்போது அது சங்கரன்கோவில் தமிழாகிவிடும். அவர் காதில் விழுந்தபடியே இங்கே தரப்படுகிறது.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"எல்லாரும் சமம்னு இந்த நாட்டுல எழுதி வச்சு எவ்வளவு காலம் ஆச்சு. ஆளுக்கொரு வாக்கு குடுத்தாச்சு. இருந்தும் போற இடமெல்லாம், என் பேச்சை எவன் கேக்கான்னு ஜனங்க கொதிக்காங்க. பெரிய மனுசன் ஒரு வாக்கு போட்டா செனட்டர் போன் பண்ணிப் பேசுதாரு. நான் போட்டா மெஷின் மட்டும் நன்றி சொல்லுது. இதுல என்ன சமம்?" லொரெய்ன் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார். "அதனால இனிமே வாக்கை எண்ண மாட்டோம். நிறுப்போம்."

"நிறுப்பியளா?"

"யாருக்கு மனக்குறை அதிகமோ அவங்க வாக்குக்கு எடை அதிகம். குறை உள்ளவன் ஜெயிப்பான். குறை தீரும். தீர்ந்ததும் எடை குறையும், அடுத்த குறைக்காரன் ஜெயிப்பான். இப்படியே போனா கடைசியில எல்லாரும் ஒரே மட்டத்துக்கு வந்துருவோம். சமன் சட்டம்னு பேரு. பெரிய படிப்பு படிச்சவங்க போட்ட திட்டம்."

"மனக்குறைய இந்தப் பெட்டி எப்படி அளக்கும்? நாடி பாக்குமா?"

"குடிமகன் உடம்பைத் தொடக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டு. குரலைக்கூட அளக்கக் கூடாது. தினமும் காலையில எப்படி இருக்கீங்கன்னு கேக்கும். அவங்கவங்க தாய்மொழியில. நீங்க சொல்லுத சொல்லை அப்படியே நம்பி, பூச்சியத்துல இருந்து நூறு வரைக்கும் ஒரு எண் போடும். சொல்லை நம்புததுதான ஜனநாயகம்."

அடுப்படியில் இருந்து உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாங்க கட்டின வீட்டுக்குக் கொத்தனார் சொல்லை நம்பி ரெண்டு வருசம் ஒழுகுச்சு" என்றாள். லொரெய்னுக்குத் தமிழ் தெரியாததால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பெட்டி இனிமையான பெண்குரலில், "வணக்கம் கோமதிநாயகம், எப்படி இருக்கிறீர்கள்?" என்றது.

"என்னத்தச் சொல்ல. உயிரோட இருக்கேன்" என்றார் கோமதிநாயகம், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

பெட்டி திடுக்கிட்டுப் போய்த் தொண்ணூற்றாறு போட்டது.

இதில் பெட்டியின் குற்றமும் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது சங்கரன்கோவிலில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கோமதிநாயகம் அதைத் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். ஆலையில் சேர்ந்த புதிதில், மேலாளர் கேட்டாரே என்று, "ரொம்ப நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் பாய்லர் நின்றது. சாயங்காலம் நாய் கடித்தது. மறுநாள் மாமியார் ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் இருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

முப்பத்தெட்டு வீட்டிலும் இதே கதைதான். வியாபாரம் எப்படி என்றால் ஏதோ ஈ ஓட்டுகிறேன் என்பார்கள். மகன் படிப்பு எப்படி என்றால் அவன் எங்கே படிக்கிறான் என்பார்கள், அவன் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பான். மூன்றே மாதத்தில் பிளம் ஹாலோ தமிழர்கள் அமெரிக்காவின் தலைசிறந்த துயரவாசிகள் என்று புள்ளிவிவரம் வந்தது.

அடுத்த வீட்டு டேல் க்ரூபர் வாங்கியது மூன்று.

டேல் சோள விவசாயி, அறுபத்தாறு வயது, ஆறடி மூன்றங்குலம். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் எல்லோருமே மூன்று, நாலு என்றுதான் வாங்கினார்கள். ஊர்வலத்துக்குப் போனால் தொண்டை கிழியக் கத்துவார்கள். நாடு நாசமாய்ப் போச்சு என்று பதாகை பிடிப்பார்கள். ஆனால் காலையில் சமையலறையில் ஒரு பெண்குரல் மரியாதையாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பிரமாதம், நன்றி, நீ எப்படி இருக்கே?" என்றுதான் அவர்களுக்கு வாயில் வரும். அப்படி வளர்த்துவிட்டார்கள். பெட்டியும் பாவம், நான் நலம் என்று சொல்லிவிட்டு மூன்று போடும்.

சட்டம் வந்து ஏழு வருஷத்தில் நாடு எப்படி ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டில் பள்ளம் இருந்தால் யாரும் மூடுவதில்லை. மூடினால் அந்தத் தெருவின் எடை குறைந்துவிடும். பள்ளத்துக்குக் காவல் போட்ட தெருக்கள் உண்டு. தெற்கே ஒரு மாநிலத்தில் ஒருவர், "என்னைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் குறை ஒன்றுகூடத் தீராது" என்று வாக்குறுதி கொடுத்து நின்றார். அமோகமாக ஜெயித்தார். வாக்குறுதியை அப்படியே நிறைவேற்றினார். அதனால் மக்களின் எடை கூடி, மறுபடியும் அவரையே கொண்டுவந்தது. சொன்னதைச் செய்தவர் என்று அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நிச்சயமான கல்யாணத்தைத் தேர்தல் முடியும் வரைக்கும் தள்ளிப்போட்ட ஜோடிகள் ஏராளம். தள்ளிப்போட்டதில் சிலருக்குக் குறை நிஜமாகவே வந்துவிட்டது.

பிளம் ஹாலோவில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. ஊருக்கு மேற்கே சில்வர் ஓக் என்று ஒரு குடியிருப்பு. சுற்றிலும் மதில், வாசலில் காவல், உள்ளே பதினெட்டுக் குழி உள்ள கோல்ஃப் மைதானம். அவர்களுக்குப் பதினெட்டுக் குழி போதவில்லை, இருபத்தேழு வேண்டும். பக்கத்தில் இருந்த மாவட்ட ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அந்த இடத்தைத் தரலாமா என்று மாவட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சில்வர் ஓக்காரர்களிடம் கோல்ஃப் குழியைத் தவிர எல்லாம் இருந்தன. ஆனால் அவர்கள் பயிற்சியாளர் வைத்துக் குறை சொல்லப் பழகிக்கொண்டவர்கள். ஆளுக்கு அறுபதுக்குக் குறையாமல் எடை இருந்தது.

டேலின் மனைவி மார்லீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்ப் பதினோரு வருஷம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அந்த ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். அதை மூடினால் அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல். குளிர்காலத்தில் அந்த ரோட்டில் பனி அள்ளும் வண்டியே சறுக்கும். கதையில் கோமதிநாயகம் தலையைக் கொடுத்தது இதற்காகத்தான்.

ஏனென்றால் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். டேல் தினமும் சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி வீட்டுக்குள் போவார்.

ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், டேல் இறங்கியதும் கேட்டார். "என்ன வே, எப்படி இருக்கீரு?"

"ரொம்ப நல்லா இருக்கேன், கோமி." முழுப்பெயரைச் சொல்ல டேல் மூன்று வருஷம் முயன்று கைவிட்டிருந்தார்.

"என்ட்ட சொல்லுதது இருக்கட்டும். நாளைக்குக் காலையில அந்தப் பெட்டிட்டயாவது ஒரு பேச்சுக்கு முதுகு வலிக்குன்னு சொல்லும்."

"வலிக்கத்தான் செய்யுது."

"அதைத்தான் சொல்லச் சொல்லுதேன்."

டேலின் முகம் சிவந்துவிட்டது. யாரோ வேட்டியை அவிழ்க்கச் சொன்னதுபோலக் கூசினார். "வலிக்குதுங்கறதுக்காக அதைப் போய் ஒரு பொம்பளைக் குரல்ட்ட சொல்லணுமா? எங்க அப்பாரு அறுவடை மெஷின்ல ரெண்டு விரலை விட்டுட்டு வந்தாரு. சாப்பாட்டு மேசையில உக்காந்து, பீச் பழப் பணியாரம் தீருத வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. ஏன்னு கேட்டா, சூடா இருக்கும்போதே எல்லாரும் சாப்பிட்டும்னு இருந்தேங்காரு."

"விரலு?"

"கைக்குட்டையில சுத்திப் பையில வச்சிருந்தாரு."

கோமதிநாயகம் கொஞ்ச நேரம் தக்காளியைப் பார்த்தார். "அப்ப இந்த வாக்கெடுப்புல ஒம்ம வாக்குக்கு மூணு எடை. மார்லீனுக்கு?"

"ரெண்டு. அவ என்னைவிட மரியாதைக்காரி."

"சரி போம். நாங்க பாத்துக்கிடுதோம்."

வீம்புக்குச் சொன்னதில்லை. முப்பத்தெட்டுக் குடும்பத்தில் நூற்றுப்பத்து வாக்காளர்கள், ஆளுக்குத் தொண்ணூற்றைந்து சுமார். ஊர்க்காரர்களின் மூன்றோடும் நாலோடும் இதைச் சேர்த்தால் சில்வர் ஓக் தோற்கும். தமிழர் எடை இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் புல் முளைக்கும். லொரெய்னே காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

கெடுத்தது உலகம்மாளின் காபி.

ஒரு புதன்கிழமை சில்வர் ஓக்கிலிருந்து ஆஷ்வொர்த் என்ற அம்மாள் முத்துமாலையோடு வந்து கதவைத் தட்டினாள். உங்கள் ஊர்க்காரர்கள் எப்படி இவ்வளவு அழகாகத் துயரப்படுகிறார்கள், கொஞ்சம் சொல்லித்தர முடியுமா என்றாள். வீடு தேடி வந்தவளை வாசலில் நிறுத்த உலகம்மாளுக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டாள். காபி கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள். முறுக்கைக் கொடுக்கும்போது, "ஒண்ணும் சரியா வரலை, மாவு புளிச்சிட்டு, எண்ணெ சரியில்ல, பல்லு போனா என்னைத் திட்டாதிய" என்றாள். அப்படியே வீட்டைப் பற்றி, மழையைப் பற்றி, முழங்காலைப் பற்றி, சம்பந்தி வீட்டாரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினாள். பாடம் எடுப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சில்வர் ஓக்கின் எடை அறுபதிலிருந்து எண்பத்தைந்துக்கு ஏறியது. தமிழர் எடை முழுதும் சேர்ந்தாலும் இனி மயிரிழையில்தான் ஜெயிக்க முடியும்.

"சண்டாளி, அவ புல்லு முளைக்க வைக்க வந்தவ" என்றார் கோமதிநாயகம்.

"நெத்தியிலயா எழுதி ஒட்டியிருந்தா? முறுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு வேற சொல்லிட்டுப் போனா. அன்னைக்கே என் முழங்கால் பிடிச்சிக்கிட்டு."

ஆனால் ஆஷ்வொர்த் அம்மாள் முறுக்கு மட்டும் தின்னவில்லை. கண்ணையும் திறந்து வைத்திருந்தாள். வீட்டில் ஊஞ்சல் இருந்தது. பின்கட்டில் ஒரு மனிதர் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். இந்தம்மாள் சம்பந்தியைத் திட்டும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவர்கள் பரம சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆஷ்வொர்த் அம்மாள் தலைநகருக்கு எழுதிப் போட்டாள். பொய்க்குறை சொல்லி வாக்குக்கு எடை ஏற்றுவது சமன் சட்டத்தில் பெரிய குற்றம். நிரூபணமானால் எடை பூச்சியம்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைநகரிலிருந்து ஆய்வாளர் வைல்டர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். சிரித்தால் சட்டப்படி தவறாகிவிடுமோ என்ற முகம். மாவட்ட மன்றக் கூடத்தில் விசாரணை. தமிழர்கள், ஊர்க்காரர்கள், சில்வர் ஓக்காரர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. சொல்லப்படுவது யார் வாயிலிருந்து வருகிறதோ அவர் பேரில் பதிவாகும்படி மேசையில் ஒரு பெட்டி வைத்தார்கள். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கோமதிநாயகத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். எடை அவருக்குத்தான் அதிகம்.

"திரு கோமதிநாயகம், சத்தியப்பிரமாணம் எடுத்திருக்கீங்க. பொய் சொன்னா குடியுரிமை போயிரும். நீங்க நல்லா இருக்கீங்களா?"

கோமதிநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் ஆஸ்பத்திரி போகும், அதோடு கண்ணும் படும். இல்லை என்றால் பொய்.

"இருக்கேன்" என்றார்.

"நல்லாவா?"

"நல்லாங்கறது அவரவர் பாக்குதத பொறுத்துது."

"வீடு சொந்தமா?"

"சொந்தந்தான். வடக்குப் பக்கம் வெயிலே வராது."

"மகள்?"

"இருக்கா. போன் பண்ணினா எடுக்க மாட்டா. அவளே பண்ணினா வைக்க மாட்டா."

"மனைவி?"

முதல் வரிசையில் உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோமதிநாயகம் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்க சட்டத்துல இடம் உண்டா சார்?" என்றார். கூடத்தில் ஆண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

வைல்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "சந்தேகம் வந்தா இருநூறு அடிக்குள்ள குடியிருக்கற, வேற இனத்தைச் சேர்ந்த ஒரு அயலார் சாட்சி சொல்லணும். அவர் சொல்லுததே முடிவு. டேல் க்ரூபர் யாரு?"

டேல் எழுந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய், ஒரே ஒரு தலையாட்டல் போதும், மார்லீனின் நாற்காலி தப்பித்துவிடும் என்பதும் தெரியும். மார்லீன் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று செவ்வாய், டயாலிசிஸ் முடிந்து நேராக வந்திருந்தாள், முகம் காகிதம்போல இருந்தது.

"உங்க அயலார் மனக்குறை உள்ளவரா?" என்று கேட்டார் வைல்டர்.

டேல் தொப்பியைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு, "இல்ல" என்றார். "நான் பாத்த மனுசங்கள்லயே சந்தோசமான மனுசன் இவருதான். சாயங்காலம் வாளியில காலை விட்டுட்டுப் பாடுவாரு. பாட்டு சகிக்காது. ஆனா சந்தோசம்."

சில்வர் ஓக் வரிசையில் கைதட்டல் கேட்டது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். வைல்டர் பேனாவை எடுத்தார்.

"ஆனா" என்றார் டேல்.

பேனா நின்றது.

"ஒரு குறை உண்டு. அவருக்கு வாய்ச்ச அடுத்த வீட்டுக்காரன் சரியில்ல." டேல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பதினோரு வருசமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு எப்படி இருக்கீருன்னு கேக்காரு. அந்த மடையன் நல்லா இருக்கேன்னுட்டுப் போயிருதான். அவன் பெண்சாதி வாரத்துல மூணு நாளு ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணிட்டு வாரா. வீட்டு வாசல்ல மூணே மூணு படி. அதுல ஏற முடியாம நடுப்படியில உக்காந்திருவா. அவன் அவளத் தூக்கிட்டுப் போகையில, ஒவ்வொரு மாசமும் எடை குறையுதது கைக்குத் தெரியும். அதை அவகிட்டச் சொல்ல முடியாது. வேற யாருட்டச் சொல்ல? வண்டியில உக்காந்துட்டு எறங்க மாட்டான். எறங்குனா சிரிக்கணும்லா. தொண்ணூறு மைலு போகணும்னா, பனியில, ஒரு நா இல்லாட்டா ஒரு நா போக முடியாமப் போகும். அந்த ஒரு நா எதுன்னு அவன் தெனமும் ராத்திரி காலண்டரைப் பாத்துட்டுக் கெடக்கான். பாத்துட்டிருக்க இந்த மனுசனுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும். அதைத்தான் சொல்லுதேன். கோமிக்காகச் சொல்லுதேன்."

மேசைப் பெட்டி, டேல் க்ரூபர் பேருக்கு நேரே தொண்ணூற்றேழு போட்டது.

"இது யாரோட குறை?" வைல்டர் குழம்பிப் போனார். "அவரோடதா, உங்களோடதா?"

"அவரோடதுதான். எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் டேல், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு.

அப்போது லொரெய்ன் எழுந்தார். அலுவலர் பேசக் கூடாது என்று விதி. ஆனால் தன்னைப் பற்றி இல்லை, எதிர்வீட்டு ஹார்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். ஹார்விக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, அவன் ரோட்டை மனப்பாடமாக ஓட்டுகிறான் என்றார். ஹார்வி எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை, பின்வீட்டு விதவை மூன்று குளிர்காலமாகக் கணப்பு இல்லாமல் கம்பளியில் இருக்கிறாள் என்றான். அந்த விதவை எழுந்தாள். தன் குறையை வாயில் எடுக்கச் செத்தாலும் சம்மதிக்காத ஜனங்கள், அடுத்தவருக்காக என்றதும் அணை உடைந்ததுபோலக் கொட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசைப் பெட்டி சூடாகி வாடை வந்தது. உலகம்மாள் விசிறியால் வீசினாள்.

வைல்டர் சட்டப் புத்தகத்தை மூன்று தடவை முன்னும் பின்னும் புரட்டினார். குறை யாருடையதாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் போடவில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் கணக்கு. தமிழர்களின் பழைய எடை ரத்து, அவர்கள் புதிதாகச் சம்பாதிக்கலாம் என்று தீர்ப்பு எழுதினார். அடுத்த வீட்டுக்காரர் குறையைச் சொல்வதற்குத் தமிழர்களுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

பத்து நாளில் மாவட்டம் முழுக்க ஆளுக்குத் தொண்ணூற்றேழு. சில்வர் ஓக்காரர்கள் மட்டும் திணறினார்கள். மதிலுக்குள் பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆஷ்வொர்த் அம்மாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்கு ஏதாவது துக்கம் உண்டா என்று கேட்கப் போக, அந்த வீட்டுக்காரர்கள் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாக்கெடுப்பில் ஆஸ்பத்திரி பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஜெயித்தது. ஒன்பது குழியும் தோண்டப்படாமல் போயின.

சில்வர் ஓக்கைக் கணக்கில் சேர்க்காமல், எல்லாக் குடிமக்களும் ஒரே எடைக்கு வந்த முதல் மாவட்டம் என்று தலைநகரிலிருந்து ஒரு பித்தளைத் தகடு அனுப்பினார்கள். அதை மாட்ட வந்த வைல்டரிடம் லொரெய்ன் கேட்டார்: "முன்னாடி ஆளுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப ஆளுக்குத் தொண்ணூத்தேழு. ரெண்டும் ஒண்ணுதான சார்?"

வைல்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இதை வெளிய சொல்லாதீங்க" என்றார்.

டேல் பக்கத்து மாவட்டங்களில் பெரிய ஆளாகிவிட்டார். ஊர் ஊராகக் கூப்பிட்டு, முன்பின் தெரியாதவர்களுக்காக அழச் சொன்னார்கள். மனிதருக்கு மறுக்கத் தெரியவில்லை. அதனால் வாக்கெடுப்புக்கு அடுத்த வியாழக்கிழமை மார்லீனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வேலை கோமதிநாயகத்துக்கு வந்தது.

இரண்டு பக்கமும் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. ஊர் எல்லை தாண்டியதும் மார்லீன் சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டுமா, கோமி? டேல்ட்ட சொல்லக் கூடாது."

"சொல்லலை."

"வாக்கு போடும்போது, மூடலாம்ங்கற பொத்தான்ல விரலை வச்சிட்டு ரொம்ப நேரம் நின்னேன்."

கோமதிநாயகம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"என் தங்கச்சி ஓரிகன்ல இருக்கா, கடலோரத்துல. அவ வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி. இது மூடிட்டா டேலுக்கு வேற வழி இருக்காது, நிலத்தை வித்துட்டு என்னை அங்க கூட்டிட்டுப் போவாரு. பதினோரு வருசமா அந்த நினைப்புதான். நான் கடலைப் பாத்ததே இல்ல, கோமி."

"அப்புறம்?"

"எனக்குப் பக்கத்து நாற்காலியில ஏர்ல்னு ஒரு கெழவரு. குறட்டை விடுவாரு. அவருக்குத் தங்கச்சி, அக்கா யாருமில்ல. விரலை மாத்திட்டேன்."

"டேல்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுசன் என்னைக்கோ மூட்டையைக் கட்டியிருப்பாரேம்மா."

"எனக்காக ஊரு முன்னால அழுதாரு. நாப்பது வருசத்துல முதத் தடவை. இப்பப் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"பெட்டிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அது தெனம் கேட்டுது. நல்லா இருக்கேன்னு சொன்னேன். அதுக்கு எத்தனை வீட்டு வேலை இருக்கு, பாவம்."

மார்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க கடலோரத்துல இருந்திருக்கீங்கன்னு உலகம்மா சொன்னா. கடல் எப்படி இருக்கும்?" என்றாள்.

பாய்லர் வேலை பழகும்போது கோமதிநாயகம் தூத்துக்குடியில் ஆறு வருஷம் இருந்தார். ஒரு நாள் தவறாமல் சாயங்காலம் போய் முழங்கால் தண்ணீரில் நிற்பார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் வீட்டுக்கு வர மனசு இருக்காது. இப்போதும் வாளித் தண்ணீரில் காலை வைத்துக் கண்ணை மூடினால் அவருக்குத் தெரிவது அந்தத் தண்ணீர்தான்.

"கடலா?" என்று முகத்தைச் சுளித்தார். "அதை ஏன் கேக்கிய. ஒரே பிசுபிசுப்பு. சட்டை துவைச்சுக் காயப்போட்டா மூணு நாளைக்கும் காயாது. சைக்கிளு, பூட்டு, சாவி ஒண்ணு பாக்கியில்லாமத் துருப்பிடிச்சிரும்."

"அப்படியா?"

"கருவாட்டு வாடை இருக்கே, மூக்கைப் பிடிச்சிட்டுத்தான் நடக்கணும். காக்கா வேற. கையில ஒரு வடையை வச்சிட்டு நிக்க முடியாது. சரி, அலையாவது பாப்போம்னு போனா அது வாரதும் போறதுமா இருக்கும், ஒரு இடத்துல நிக்காது. எவ்வளவு நேரந்தான் பாக்க?"

மார்லீன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் மெல்ல விரிந்தது.

"இன்னும் சொல்லுங்க, கோமி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. கோமதிநாயகம் மணலைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்.